வலது கை, இடது பல்

முப்பத்தெட்டு மணி நேரம் அவள் அந்தப் பல்வலியோடு இருந்தாள். இடது கீழ்க் கடைவாய்ப்பல்.

கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் ஒட்டினால் நடுவில் சதை மேடாக எழும்பும். அதன் உச்சியில் ஓர் அக்குபங்சர் புள்ளி. தலைவலி, பல்வலி, மூக்கடைப்பு என்றால் காலங்காலமாக அங்கேதான் ஊசி. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கூடாது. இடப்பக்க வலிக்கு வலது கை. பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் கையில் குத்தியவள், தன் கையிலும் ஐந்து முறை குத்திக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் வலி ஓய்ந்தது. பிறகு வந்த வழியே திரும்பியது.

இன்று காலை எட்டு மணிக்குப் பல் மருத்துவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கணவருக்கு மட்டும் தெரியும்.

"விஷயம் வெளிய போனா கிளினிக் போர்டைக் கழட்டிட வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

"வாயை மூடுங்க."

"மூட வேண்டியது நீ. பஞ்சு விழுந்துடும்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வலி இல்லாத வாய் புதுவீடு மாதிரி இருந்தது.

ஒன்பதரைக்குத் தையல்காரர் வந்தார். பல்வலிக்காக அவர் ஊசி போட வருவது இது மூன்றாவது நாள். இடது கன்னம் நேற்றைவிடப் பெரிதாகியிருந்தது.

"நீங்க குத்தினா சொர்க்கம்மா. ரெண்டு மணி நேரம் மெஷின் ஓடுது. அப்புறம் பழைய கதைதான்."

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஈறில் சீழ். கன்னம் கொதித்தது. இன்னொரு நாள் விட்டால் தாடைக்குப் பரவிவிடும்.

"இதுக்கு என் ஊசி பத்தாதுண்ணே. இன்னைக்கே பல் டாக்டரைப் பாருங்க."

"அந்தக் குறடு பிடிக்கிறவர்கிட்டயா? ஆளை விடுங்க. ஊசின்னா எனக்குக் கூடப்பிறந்தது மாதிரி. குறடுன்னா குலை நடுங்குது."

"போகலைன்னா ஆபத்து."

"சும்மா பயமுறுத்தாதீங்கம்மா. உங்களுக்குப் பல் வலிச்சா நீங்க அங்க போவீங்களா? இதே புள்ளியிலதானே குத்திப்பீங்க?"

வலது கையை மேசைமேல் நீட்டினார். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் மூன்று பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

அவள் ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை.

"குத்திக்கிட்டேண்ணே, அஞ்சு தடவை" என்றாள், பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். "வலி கேக்கலை. காலையில போய்ப் பிடுங்கிட்டு வந்துட்டேன்."