அட்டைக்குத்தியும் மூன்று கேள்விகளும்

பிள்ளையார்பாளையத்துப் பட்டுச்சேலை டிசைன் கடையின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. டேனியலுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை, அவ்வளவு குஷி. கம்ப்யூட்டர் முதுகில் கம்பெனி கொடுத்த பூட்டுக்கட்டையைச் சொருகினால்தான் திறக்கும் மென்பொருளில் நாலு வருஷமாக அவனும் கூட்டாளி உமாபதியும் புட்டா வரைந்து வைத்திருந்தார்கள். போன மாதம் கட்டை புகைந்துபோனது. விற்ற கம்பெனியும் இழுத்து மூடிவிட்டது. அறுநூறு டிசைன் உள்ளே மாட்டிக்கொண்டன. இனி திறந்து பார்க்க, திருத்த, அடுத்தவருக்குக் கொடுக்க விடாத எந்த ப்ரோகிராமையும் தொடுவதில்லை என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

பார்க்கலாமா, திருத்தலாமா, கொடுக்கலாமா என்ற மூன்று கேள்வியோடு உமாபதி ஒவ்வொன்றின் லைசென்ஸையும் வரிவரியாகப் படித்தான். படம் வரைகிற கிம்ப் தேறியது. ஒரு புள்ளிக்கு ஓர் இழை என்று வைத்துப் பார்த்தால் மயில் கழுத்து அப்படியே வந்து நின்றது. ஓசியில் கிடைத்த ஒரு ப்ரோகிராமுக்கு மூல நிரல் இல்லை, பட்டியலிலிருந்து அடித்தார்கள். இன்னொன்று நிரலைக் காட்டியது, வியாபாரத்துக்கு ஆகாது என்றது. அதையும் அடித்தார்கள். அடிக்க அடிக்க டேனியலுக்குச் சிரிப்பு பொங்கியது.

கடைசியில் உமாபதி அட்டைக்குத்தியையும் அடித்தான்.

அது டேனியல் ஆறு மாதம் கண்முழித்து எழுதியது. வரைந்த படத்தைக் கொடுத்தால், தறியில் பூ விழவைக்கும் ஜக்கார்டு அட்டையில் எங்கெங்கே ஓட்டை குத்த வேண்டும் என்று வரிசை வரிசையாகச் சொல்லும். மூன்று நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். ஊரில் வேறு எவனிடமும் கிடையாது.

"யோவ், அது என்னுதுபா."

"உன்னுதுதான். நிரலை வூட்ல பூட்டி வெச்சுக்கினு இருக்குற. எனக்கே தொறக்கல. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்? அந்தக் கம்பெனிக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம்?"

டேனியலுக்குச் சுருக்கென்றது. அப்பனும் ஆத்தாளும் செங்கல் சூளையில் மண் மிதித்தே ஓய்ந்தவர்கள். அவன் வம்சத்தில் பிறத்தியான் பிடுங்க முடியாத சொத்து என்று இருந்தது இது ஒன்றுதான். கொடுத்தால் நாளைக்கே உமாபதி தனிக்கடை போடலாம். முந்தாநாள் வந்து அட்டைக்குத்தியைக் கேட்ட, அடுத்த தெருவில் இதே தொழில் செய்யும் கலியாணசுந்தரத்திடம், அப்படி ஒன்றே இல்லை என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தான். அந்தக் கம்பெனிக்காரனும் இப்படித்தானே என்று இப்போது உறைத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அரைமணியில் திரும்பியவன் கையில் ஃப்ளாப்பி இருந்தது. நிரலின் தலைமாட்டில், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம் என்று லைசென்ஸ் வரிகளைத் தட்டினான். பிறகு உமாபதி கேட்காமலே அதை ஒரு சிடியில் போட்டு, தானே கொண்டுபோய்க் கலியாணசுந்தரத்திடம் நீட்டினான். தங்கள் டிசைனை மட்டும் கேட்கக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

சாயங்காலம் கடை மாடிப்படியில் செருப்புச் சத்தம். கலியாணசுந்தரம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் அட்டையை மேஜையில் போட்டார்.

"இன்னாபா குடுத்துருக்குற? பாதி அட்டை குத்துது, மீதி மொட்டையா இருக்குது."

உமாபதி முகம் தொங்கிப்போனது. டேனியல் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவருடைய ஜக்கார்டுப் பெட்டியில் இழை தூக்கும் கொக்கி நானூற்றெண்பது. அவன் நிரலோ இருநூற்றுநாற்பதோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. அவனிடம் இருந்தது சின்னப் பெட்டி. எத்தனை வருஷம் ஆனாலும் இந்தத் தப்பு அவன் கண்ணில் பட்டிருக்காது. பெரிய பெட்டி கேட்கும் அகலக் கரை வேலை எதுவும் அவன் கடைப்பக்கம் வந்திருக்காது.

அவனும் உமாபதியும் ஒரே நேரத்தில் விசைப்பலகைக்குக் கை நீட்டினார்கள். உமாபதிதான் அந்த வரியைக் கண்டுபிடித்தான்.

"அண்ணே, குந்துங்க," என்று டேனியல் நாற்காலியை இழுத்துப் போட்டான். "அந்தப் பெட்டியில வேற இன்னா இன்னா மக்கர் பண்ணுது, ஒண்ணு வுடாம சொல்லுங்க."