இரண்டாவது திரை

மேஜைக்கு அடியில் மண்டி போட்டு, ஒரு கையால் ஒயரைச் செருகி, மறு கையால் மேல்பலகையில் தலை இடிக்காமல் மறைத்துக்கொண்டு, "இப்ப வந்துச்சா?" என்று கேட்டேன். மேலே இருந்து என் வீட்டுக்காரர் "இல்ல" என்றார். கழற்றினேன். துடைத்தேன். வாயால் ஊதினேன். மறுபடி செருகினேன். "இப்ப?" "ம்ஹூம்." ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் ஆரம்பித்த கூத்து இது. ஜன்னலில் வெயில் இறங்கிப் போய்விட்டது. என் முட்டி இரண்டும் தனியே கழன்று வந்துவிடும் போலிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு எழுந்து போயிருப்பேன். அவர் குரலில் இருந்த நடுக்கம் என்னை அங்கேயே உட்கார வைத்தது.

அவர் நில அளவைக் கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். ஆட்கள் வெயிலில் அலைந்து அளந்து அனுப்பும் எண்களை வாங்கிக் கணினியில் மனைப்படமாக வரைவது அவர் வேலை. மயிரிழைக் கோடுகள். ஒரு கோடு தள்ளிப் போனால் ஒருவர் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் மனையில் போய் நிற்கும். அப்படிப்பட்ட வேலை செய்கிறவருக்குக் கண்ணில் போய் நோய் வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது என்றார் கண் டாக்டர். ஓரம் தெரியும், நடுவில் மறைக்கும், நிறத்துக்கு நிறம் வித்தியாசம் குறையும், எவ்வளவு வேகமாக என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும் இவர் செய்த முதல் காரியம், கடையிலேயே பெரிய மானிட்டராகப் பார்த்து வாங்கியது. அதில் எழுத்தைக் கட்டை விரல் பருமனுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலையை ஓட்டினார். "பெருசா இருந்தா எனக்கு ஒரு குறையும் இல்ல" என்பார். நான் நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

ஆபீஸில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படம் அச்சடிக்கிற பிரிவில் இருந்தவரை இவர் பிரிண்ட் அண்ணன் என்று கூப்பிடுவார். அவருக்கு முதுகு போனது தெரிந்ததும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு இவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "முதுகுக்கே இப்படின்னா" என்றார். 

இந்த நேரம் பார்த்துத்தான், போன வெள்ளிக்கிழமை, ஆபீஸில் பழைய லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். மெல்லிசாக, அட்டை மாதிரி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பழையதில் பக்கவாட்டில் விதவிதமான துளைகள் இருக்கும். இதில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மாத்திரை சைஸில் இரண்டே இரண்டு வைத்திருந்தார்கள். இதற்கு முன்னேற்றம் என்று பெயர். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், மாத்திரை சைஸ் எனக்குத் தெரியும். சனிக்கிழமை கடைத்தெருவில் ஒருவன் விற்ற ஒயர் சரியாகப் பொருந்தியது, சார்ஜ் ஏறியது, மானிட்டருக்குப் படம் மட்டும் போகவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், அது சார்ஜுக்கான ஒயர், படத்துக்கு வேறு என்று தலையைச் சொறிந்தான். அந்த வேறு ஒயரைத்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செருகிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று சொல்லி, போன வருடமே அவர் மேஜையை மூலைக்குத் தள்ளி, சுவரில் முதுகு படும்படி உட்கார்ந்துகொண்டார். திரையின் பின்பக்கம்தான் அறைக்குத் தெரியும். ஒரு பக்கம் இரும்பு பீரோ, மறு பக்கம் சுவர். அவர் எழுந்து வழி விட்டால்தான் இன்னொருவர் அந்தப் பக்கம் நுழைய முடியும். அதனால் அவர் பார்ப்பார், நான் செருகுவேன். புது மின்விசிறி மாட்டினாலும் டிவி மாற்றினாலும் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். குனிகிற வேலை எனக்கு, தீர்ப்பு சொல்கிற வேலை அவருக்கு.

ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களாம்மா?" என்றாள். அதைச் சொல்லத்தானா உன்னைப் படிக்க வைத்தோம் என்று கேட்டேன். அவர் பக்கத்திலிருந்து சிரிக்கவில்லை. சாதாரணமாக இந்த மாதிரிக்கு முதலில் சிரிக்கிறவர் அவர்தான்.

திங்கட்கிழமை கடைக்கு லீவு சொன்னேன். மறுநாள் காலை ஒரு பெரிய மனைப்படம் போயாக வேண்டும். அவர் லேப்டாப்பின் சின்னத் திரையில் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்றால், புது லேப்டாப்பில் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு கேட்டது. அதற்கு ஆபீஸில் கேட்க வேண்டும், கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள்.

"ஆபீஸ் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் பண்ணலாங்க" என்றேன்.

"வேணாம்."

"எழுத்தப் பத்திப் பேச வேணாம். மானிட்டர் வரல, அவ்வளவுதான். மானிட்டர் யாருக்கு வேணும்னாலும் வராமப் போகும்."

"அவன் லேப்டாப்புக்குள்ள நுழைஞ்சு பாப்பான். நான் தடவுறது தெரிஞ்சிடும்."

"நீங்க கையக் கட்டிட்டு உக்காருங்க. அவன் கேக்குறத நான் படிச்சுச் சொல்றேன். சாருக்குக் கையில அடின்னு சொல்லிக்கலாம்."

போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போனில் வந்தவன் குரலை வைத்துச் சின்ன வயது என்று நினைத்தேன். பொறுமையானவன். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். லேப்டாப்பைத் தூக்கி என் பக்கம் வைத்து, அவன் கேட்ட எண்ணைப் படித்துச் சொன்னதும், எங்கோ இருந்துகொண்டு எங்கள் லேப்டாப்புக்குள் வந்துவிட்டான். திரையில் பெட்டிகள் தாமாகத் திறந்தன, மூடின. இவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்கிறவர்கள் அப்படித்தான் உட்கார்வார்கள்.

"சார், உங்க ரெண்டாவது ஸ்கிரீன் இங்க காட்டுதே" என்றான் அவன்.

"இங்க கருப்பாத்தாம்ப்பா இருக்கு."

"கேபிள் லூஸா இருக்கா?"

"அதெல்லாம் என் வீட்டம்மா நேத்தே பாத்தாச்சு."

"சரி, பதறாதீங்க. முடியலன்னா நாளைக்குக் காலைல ஆபீஸ் வந்துடுங்க சார். இங்க பெரிய ஸ்கிரீன் இருக்கு. மேனேஜர் பக்கத்துலயே உக்காந்து அந்தப் படத்த முடிச்சிடலாம்."

அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. உதவி செய்கிறதாக நினைத்துத்தான் அந்தப் பிள்ளை சொன்னான்.

"மானிட்டர் முன்னாடி, கீழ் ஓரத்துல மாடல் பேரு இருக்கும். அத மட்டும் படிங்க சார்."

இவர் விரலால் அந்த ஓரத்தைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, என்னைப் பார்த்து என்றால் என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்து, "நீயே வந்து படி" என்றார். எழுந்து வழி விட்டார். பீரோவுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

திரை வந்திருந்தது.

முழுத் திரையும் கருநீலம். நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அவருடைய கம்பெனியின் முத்திரை, சாம்பல் நிறத்தில். அதற்குக் கீழே என் உள்ளங்கை உயரத்துக்குக் கம்பெனியின் பெயர். வேறொன்றும் இல்லை. "அட, வந்துடுச்சே!" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். என் பின்னால் நின்று தோளுக்கு மேலாக அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தைச் சுருக்கி, கழுத்தை லேசாகத் திருப்பி, ஓரக் கண்ணால். படம் வருவதற்காகக் காத்திருந்தார். சொல்ல வந்ததை மென்று விழுங்கினேன்.

நேற்று மதியத்திலிருந்தே வந்திருக்கிறது. நான் மேஜைக்கு அடியிலிருந்து கேட்ட ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. பழைய லேப்டாப்பில் பின்னணி முழுவதையும் பளீரென்று மஞ்சளாக வைத்திருந்தார். இதென்ன, மானிட்டருக்கு மஞ்சள் காமாலையா என்று நான் கேலி செய்தபோது, பிடித்திருக்கிறது என்றார். திரைக்கு உயிர் வந்துவிட்டதைக் கண்டுபிடிக்க அவருக்கு மஞ்சள் தேவைப்பட்டிருக்கிறது. கட்டை விரல் அளவு எழுத்து படிக்க முடிகிறது என்று என்னிடம் சொன்னவருக்குத் தட்டு அளவு முத்திரை தெரியவில்லை. சில மாதமாகப் படங்கள் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தன. அளக்கிற பசங்கள் சரியில்லை என்று அவர் அலுத்துக்கொண்டபோதெல்லாம் நானும் சேர்ந்து அந்தப் பசங்களைத் திட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. பயம் வந்தது. என்னிடம் கூடவா மறைத்தாய் என்று ஆத்திரம் வந்தது. மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மாடல் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். என் குரல் மருந்துச் சீட்டு படிக்கிற குரலாக வந்தது.

"ஒரு நிமிஷம் மேடம். நான் இங்கேருந்து மவுஸ அந்த ஸ்கிரீனுக்குத் தள்றேன். அசையுதான்னு பாருங்க."

இடது மூலையிலிருந்து ஒரு வெள்ளை அம்பு நீலத்துக்குள் நுழைந்தது. மெதுவாக நடுவுக்கு வந்தது. முத்திரையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். நான் அம்பைப் பார்க்கவில்லை, அவர் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை.

"தெரியுதா சார்?"

"இல்லப்பா. ஒண்ணும் வரல."

"ஆச்சரியமா இருக்கே. இங்க நல்லாப் போகுதே. மேடம், நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதிலை எதிர்பார்க்கவில்லை. தன் கண்ணைப் பற்றி என்னிடமிருந்து தெரிந்துகொள்ளப் போகிறார். அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. அதனால்தான் நேற்று முழுக்க என்னை எழவிடாமல் செருகச் சொன்னார். வந்துவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆபீஸுக்கும் தெரிந்துவிடும், அவருக்கும் தெரிந்துவிடும். என்றைக்காவது சொல்லித்தான் ஆக வேண்டும். டாக்டரிடம் போக வேண்டும். நாளைக்குப் படம் போக வேண்டும். யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் எங்கேயாவது தப்பாக நிற்கலாம். எல்லாம் எனக்குப் புரிந்தது.

"வரலைங்க" என்றேன். "கருப்பாத்தான் இருக்கு."

அவர் மூச்சை விட்டார். விட்டதோடு நிற்காமல் சிரித்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான். "பாத்தியா, நான் சொல்லல?" என்று என் முதுகில் தட்டினார். "ரெண்டு நாளா என்னவோ ஏதோன்னு கிடந்தேன்."

"அப்ப மானிட்டர்தான் போயிருக்கு சார்" என்றான் அவன். "ஒண்ணு புதுசு வாங்கிடுங்க, இல்ல சொன்ன மாதிரி நாளைக்கு இங்க வந்துடுங்க."

"புதுசே வாங்கிடறோம்ப்பா. சாயங்காலமே போறோம். இதவிடப் பெருசா. என்னம்மா?"

"வாங்கலாங்க" என்றேன்.

"நான் கட் பண்ணலாமா மேடம்? இல்ல, இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடறேன், லைன்லயே இருங்க."

நான் பீரோவோடு ஒட்டி ஒதுங்கி நின்று அவருக்கு நாற்காலியை விட்டேன். உட்கார்ந்தார். வேறு யாரிடமாவது கொடுக்கப் போகிற பொருளைத் துடைத்து வைக்கிற குணம் அவருக்கு உண்டு. மேஜை டிராயரைத் தடவித் துணியை எடுத்தார். "பாவம், நல்லாத்தான் உழைச்சுது" என்று சொல்லி, திரையில் வாயால் ஊதி, மேல் மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். இப்போது அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தால் எனக்குத் திரை தெரிந்தது. ஊதிய இடத்தில் படிந்த ஈரத்துக்கு அடியில் நீலம் மங்கித் தெளிந்தது. வெள்ளை அம்பு அவர் கையிலிருந்த துணிக்கு அடியில் நுழைந்து, மறு பக்கமாக வெளியே வந்து, திரும்பவும் சுற்றத் தொடங்கியது. அவர் அதன் மேலேயே அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.