பிரகலாதன் மாஸ்டரின் குரங்கு

பிரகலாதன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ரியூசன் வகுப்புக் கொட்டில் நடத்துபவர். பௌதிகவியலில் கெட்டிக்காரர்தான், அதை அங்கே உயிரியல் படிப்பிக்கும் சுபாஜினி மறுக்கமாட்டாள். ஆனால் சுவிஸிலுள்ள மச்சான் வட்ஸப்பில் வீடியோ அனுப்பத் தொடங்கியதிலிருந்து மனிதருக்கு உயிரியலும் தலைக்கேறிவிட்டது. பரிணாமம் பொய்யாம். கண்டுபிடித்துவிட்டார்! உலகத்து ஆய்வுகூடங்களையெல்லாம் இனி இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

உயர்தரப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் பரிணாமப் பாட அலகை மாஸ்டர் சுபாஜினியிடமிருந்து பறித்துக்கொண்டார். "அதை நான் பாத்துக்கொள்ளுறன், மிஸ்" என்றார். பார்த்துக்கொண்ட அழகு சனிக்கிழமை தெரிந்தது. பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு மண்டபத்தில் இலவசக் கருத்தரங்கு. உயிரியல் மிஸ்ஸும் தன் பக்கம்தான் என்று காட்ட, மேடையில் அவளுக்கும் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. வாய் திறந்தால் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். பொத்திக்கொண்டிருந்தாலோ, பிள்ளைகள் இந்தக் குப்பையைச் சுமந்துகொண்டு போவார்கள்.

கடற்கரையில் கையில் கட்டும் மணிக்கூடு ஒன்று கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருப்பான், அதுபோல உயிர்களையும் படைத்தவன் ஒருவன் இருப்பான் என்று மாஸ்டர் தொடங்கினார். மச்சான் வீடியோவில் அனுப்பிய அதே மணிக்கூடு. சொந்தமாக ஒரு மணிக்கூடுகூட இல்லை இந்த மனிதரிடம். பிறகு பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

"குரங்கிலை இருந்து மனிசன் வந்ததெண்டால், இப்பவும் ஏன் குரங்கு இருக்கு? ஆராவது சொல்லுங்கோ பாப்பம்!"

கைதட்டினார்கள். சுபாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சேர், யாழ்ப்பாணத்திலை இருந்து சனம் சுவிஸுக்குப் போனதெண்டால், இப்பவும் ஏன் யாழ்ப்பாணத்திலை சனம் இருக்கு? குரங்கு எங்களுக்குத் தகப்பனில்லை. ஒரே பூட்டன்ரை வழியிலை வந்த சொந்தம். சொந்தக்காரர் உயிரோடை இருந்தால் நீங்கள் பிறக்கேல்லை எண்டாகுமோ?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மாஸ்டரின் முகம் கறுத்தது.

"மிஸ், நாளையிலை இருந்து நீங்கள் வரத் தேவையில்லை."

போகட்டும் என்று அவள் எழுந்தாள். வென்றுவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அப்போது மாணவி தனுஷாவின் தாய் நாகேஸ்வரி எழுந்தார்.

"சேர், ஒண்டு கேக்கிறன். உது சோதினைக்கு வருமோ, வராதோ?"

மாஸ்டர் தடுமாறினார். "வரும்தான்..."

"பொய்யெண்டு எழுதினால் புள்ளி போடுவினமோ?"

"போடமாட்டினம். எழுதேக்கை உண்மையெண்டு எழுதுங்கோ. நம்பாமல் விட்டால் சரி."

இவ்வளவுதான் அந்த மனிதரின் கொள்கை! கடவுளுக்காகப் புறப்பட்டவர் ஒரு 'ஏ' பெறுபேற்றுக்கு முன்னால் கவிழ்ந்து விழுந்தார்.

"அப்ப மிஸ்ஸே எடுக்கட்டும். இல்லாட்டி நாங்கள் பிள்ளையளை வேறை இடத்திலை விடுறம்" என்றார் நாகேஸ்வரி. மற்றப் பெற்றோரும் "ஓம், ஓம்" என்றார்கள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த வகுப்பில் சுபாஜினி தொண்டை கட்டும்வரை பரிணாமம் எடுத்தாள். முடிவில் தனுஷா கையை உயர்த்தினாள்.

"மிஸ், உதை நம்பவும் வேணுமோ, எழுதினால் மட்டும் காணுமோ?"

பிள்ளை நக்கலடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். மாஸ்டரைப் பார்த்து வந்த இளக்காரச் சிரிப்பு சுபாஜினிக்கு இப்போது வரவில்லை.

"எழுதினால் மட்டும் காணாது, பிள்ளை. விளங்கவேணும். யோசிச்சுப் பாத்துச் சரியெண்டு பட்டால்தான் நம்பவேணும்."

தனுஷா தலையாட்டினாள். அந்த வசனத்தையும் கொப்பியில் எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டாள்.