மூடியின் மேல் ஒரு பென்சில் கோடு

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் என் கணவர் இன்ஜினை அணைத்தார். இருக்கையை விட்டு இறங்குவதற்குள்ளேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"உன் காத்துப்பாதையிலதான் ஏதோ தப்பு."

வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாங்கள் மூவரும் சேர்ந்து கட்டிய, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் அது. இறக்கைகள் அவருடைய வேலை. வயரிங் கொழுந்தனுடையது. மூக்கின் இரு துளைகளில் நுழையும் காற்று சிலிண்டர்களின் மேலிருந்து கீழே இறங்கி, சூட்டை வாரிக்கொண்டு வெளியேறும் வழி என்னுடையது. பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் வடிவமைப்பதுதான் என் உத்தியோகம்.

"அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போட்ட டிசைனை அப்படியே நமக்கும் போட்டுட்டாங்க போல," என்றான் கொழுந்தன். "அதான் இதுக்கும் ஜுரம் வந்துருச்சு."

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். பிறகு கணவர் பென்சிலை எடுத்து, இன்ஜின் மூடியின் முன்னால் அந்தத் துளைகளைச் சுற்றிப் பெரிதாக ஒரு கோடு இழுத்தார். அதுவரை அறுத்துவிட்டால் காற்று தாராளமாக வருமாம்.

"வாய் பெருசா இருந்தா மட்டும் காத்து போயிடாதுங்க. வெளியேறுற பக்கம் அழுத்தம் குறைவா இருந்தாதான் ஓடும்."

"உன் கணக்கெல்லாம் சரி. முள் ஏறுதே, அதுக்கு என்ன சொல்ற?"

மறுநாள் சாயங்காலம் அறுப்பது என்று அவர்களே பேசி முடித்தார்கள். மழை பிடிப்பதற்குள் பறந்தாக வேண்டும். அந்த மூடியை மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தவள் நான். அறுத்தால் அறுத்ததுதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட்டேன். எங்கே பிசகினேன் என்றுதான் தேடினேன். பிசகினேனா என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. யாராவது 'உன் தப்பு' என்று சொன்னால் போதும், எனக்குள் ஒருத்தி எழுந்துபோய், அந்தத் தப்புக்கு நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வைத்துவிடுகிறாள். அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம் அதிகம்.

கணக்கில் பிசகில்லை. மதியத்துக்கு மேல்தான் உறைத்தது: போன முறை ஓட்டியபோது இதே முள் நடுவிலேயே நின்றதே. அதை மூவரில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஷெட்டுக்குப் போய் மூடியைக் கழற்றினேன்.

சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தடுப்புத் தகடுகளின் விளிம்பில் ரப்பர் பட்டைகள் உண்டு. அவை முன்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் வருகிற காற்றே அவற்றை மூடியோடு அழுத்தி இடைவெளியை அடைக்கும். பின்மூலையில் ஒரு பட்டை பின்பக்கமாக மடிந்து கிடந்தது. காற்று அதைத் தள்ளித் திறந்துகொண்டு, சிலிண்டரைத் தொடாமலே ஓடியிருக்கிறது. அது போன தடம் மூடியின் உட்புறத்தில் தூசியாகப் படிந்திருந்தது.

சாயங்காலம் ரம்பத்தோடு வந்தவர்களிடம் பட்டையைக் காட்டினேன்.

"நடுவுல வயரிங் பார்க்க மூடியைக் கழட்டினீங்களே, திரும்ப யாரு மூடினது?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "நான்தான் அண்ணி. முன்னாடியிருந்து தள்ளினேன், வழுக்கிட்டு உள்ள போயிடுச்சு."

"ஒருத்தர் மேலேருந்து இறக்கணும், இன்னொருத்தர் கையை விட்டுப் பட்டையை முன்னாடி மடக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. கூட ஆள் இல்லையே."

"நான் என்ன வெளியூர்லயா இருந்தேன்? ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருப்பேன்."

கணவர் குறுக்கே வந்தார். "சரி விடு, சின்ன விஷயம். மடக்கிப் போட்டா முடிஞ்சுது."

என் தப்பாக இருந்தவரை அது மூக்கை அறுக்கும் அளவுக்குப் பெரிய விஷயம். தம்பியின் கைக்குப் போனதும் சின்னதாகிவிட்டது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும், அதையும் அவர்கள் வேறு மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள்.

கொழுந்தன் மூடியை இறக்க, நான் கைவிட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாக முன்னால் மடக்கினேன். இந்தத் தடவை நானே ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓட்டினேன். முள் நடுவுக்கு வந்து, அங்கேயே நின்றது. போதும் என்று கணவர் கையைக் காட்டிய பிறகும் வெகுநேரம் ஓடவிட்டேன்.

இறங்கியபோது அவர் ஈரத்துணியோடு மூக்கருகில் நின்றார், கோட்டைத் துடைக்க.

"தொடாதீங்க. இருக்கட்டும்."

"பார்க்கறவங்க கேப்பாங்களே, என்னன்னு."

"கேக்கட்டும்."

"மீசை வரைஞ்ச மாதிரி இருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன் மெதுவாக.

"மீசை வச்சவங்க போட்ட கோடுதானே. அப்படியே பறக்கட்டும்."

துணியை வாங்கி, கையில் இருந்த கரியைத் துடைத்துக்கொண்டேன்.