இரண்டு பேருக்கு ஒரு வலக்கை

கிட்ட வாங்க கண்ணுகளா, பாயில் இடம் இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். ஒரு கையின் கதை சொல்கிறேன். கேட்டு முடித்ததும் உங்கள் கையை நீங்களே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வீர்கள்.

பிலிப்பைன்ஸில் தனாவோ என்ற கடலோர ஊருக்கு மேலே மலைச்சரிவில், ஒரு வியாழக்கிழமை காலை, காப்பிக் கோப்பையைப் பிடித்திருந்த இசித்ரோவின் வலது உள்ளங்கையில் நீளமாக ஒரு வெட்டு விழுந்தது. வெட்டிய கத்தி இரண்டு மைல் கீழே கடற்கரையில் இருந்தது. அங்கே கலிக்ஸ்தோ என்பவன் சூரை மீன் அறுக்கும்போது தன் வலக்கையைக் கிழித்துக்கொண்டிருந்தான். அன்று சூரை மலிவு. இசித்ரோவின் தாய் நெமேசியா காயத்தைக் கட்டிவிட்டாள். மறுநாள் சந்தையில் கலிக்ஸ்தோவின் கையிலும் அதே இடத்தில், அதே அளவில் கட்டைப் பார்த்தவள், மீன் வாங்காமல் திரும்பி வந்து பட்டறையில் உட்கார்ந்தாள். தான் செய்த தவறு என்ன என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த மலையில் வீட்டுக்கு வீடு கைத்துப்பாக்கி செய்வார்கள். ஒரு வீட்டில் குழல், ஒரு வீட்டில் ஸ்பிரிங், நெமேசியா வீட்டில் கைப்பிடி. கேட்டு வருபவனிடம் ஒரு உருண்டைத் தேன்மெழுகைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். விரல் பதிந்த அந்த மெழுகைப் பார்த்து, காமகோங் மரத்தில் அரமும் உப்புத்தாளுமாக அவன் கைக்கென்றே கைப்பிடியை இழைப்பாள். காமகோங் கறுத்த மரம், இரும்புபோல் கனக்கும். ஆயிரத்தில் ஒரு மரத்தில்தான் கறுப்புக்குள் தேன்நிற வரிகள் நெருப்பாக ஓடும். அந்தத் துண்டைப் புத்தகம் பிரிப்பதுபோல் நடுவில் அறுத்தால் இரண்டு பாதி கிடைக்கும், ஒன்றின் வரி மற்றதில் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். துப்பாக்கியின் இருபுறமும் அந்த இரண்டு பாதிகளைத்தான் வைக்க வேண்டும். ஒரே வயிற்றுப் பிள்ளைகளை ஊர் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கம். ஒரு பாதி விரிசல் விட்டால் மற்றதையும் சேர்த்து அடுப்பில் போடுவார்கள்.

புயலில் சாய்ந்த ஒரே மரத்திலிருந்து அவள் இரண்டு ஜோடி அறுத்திருந்தாள், ஒன்று தன் மகனுக்கு, இன்னொன்று கலிக்ஸ்தோவுக்கு. உள்பக்கம் கரியால் குறி போட்டு, ஒன்பது நாள் தேங்காயெண்ணெயில் ஊற வைத்தாள். எண்ணெய் குறியைக் கரைத்துவிட்டது. திருவிழா அவசரத்தில் கண்ணை நம்பி ஜோடி சேர்த்துத் திருகிவிட்டாள். பாதிகள் இடம் மாறின.

அதன்பிறகு அந்த இருவருக்கும் வலக்கை பொதுவாயிற்று. கலிக்ஸ்தோ சூடான பானையைத் தொட்டால் மலையில் இசித்ரோ கையை உதறினான். இசித்ரோ சொறிந்தால் கடற்கரையில் அரிப்பு நின்றது. ஊர் இரண்டு வாரம் இதைப் பேசியது, பிறகு சோள விலையைப் பேசப் போய்விட்டது.

தேர்தல் வந்தபோதுதான் விபரீதமாயிற்று. மேயர் பதவிக்குச் சோள மில்காரரும் படகு முதலாளியும் நின்றார்கள். இசித்ரோ மில்காரருக்குக் காவல், கலிக்ஸ்தோ படகு முதலாளிக்கு. திங்கட்கிழமை வாக்குப்பதிவு நாளில் எதிராளியின் காவல்காரனைத் தீர்த்துவிட வேண்டும் என்று இரண்டு முதலாளிகளும் தனித்தனியே உத்தரவு போட்டிருந்தார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அதைச் சொல்ல மில்காரரே மலையேறி வந்தார். 'நாங்' என்றால் அங்கே அக்கா, 'மெஸ்யா' நெமேசியாவைக் கூப்பிடும் பெயர்.

"நாங் மெஸ்யா, எந்தக் கை யாரோடதுன்னு யோசிச்சுக்கிட்டே நான் ஓட்டுக் கேக்க முடியுமா? சனிக்கிழமைக்குள்ள பிரிச்சு விட்ருங்க. திங்கக்கிழமை ஒரு கைதான் வீடு திரும்பணும்" என்றார் சிரித்துக்கொண்டே. அவள் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை கலிக்ஸ்தோ தன் துப்பாக்கியோடு வந்தான். பெரியவர்களைக் கண்டால் செய்வதுபோல் குனிந்து, அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்தான். வைத்தவன் நிமிரவில்லை.

"இந்த விரல்தான். தெனம் காலையில ஆறு மணிக்கு என் கைக்குள்ள வர்ற விரல். எங்கம்மா போயி ஏழு வருஷம் ஆச்சு, நாங். அவங்கதான் வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

இசித்ரோ தினமும் காலையில் தாயின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்பவன். மூலையிலிருந்து அவன் முனகினான்: "உன் பாப்பாவுக்கு மொதல்ல நகம் வெட்டுடா. என் விரலப் புடிச்சுக் கீறிக் கீறித் தூங்குறா."

"புடிச்சாத்தான் தூங்குவா. நான் என்ன பண்ண?"

"என்னையே கேளு. நான்தான தூக்கமில்லாமக் கெடக்கேன்."

திங்கட்கிழமை சுடாதவன் வீட்டுக்கு முதலாளியின் ஆட்கள் நெருப்பு வைப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

அவர்கள் துப்பாக்கிகளை விட்டுப் போனபின் நெமேசியா திருகாணிகளைக் கழற்றி நான்கு பாதிகளையும் வெயிலில் வைத்தாள். வெயிலில் எது எதன் உடன்பிறப்பு என்று பளிச்சென்று தெரிந்தது. சரிசெய்தால் அவரவர் கை அவரவருக்கு, திங்கட்கிழமை ஒருவன் பிணம். செய்யாவிட்டால் ஒருவன் சாகும்போது மற்றவனும் சாவானோ என்னவோ, அதை யாரும் செத்துப் பார்த்ததில்லை. வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு இந்த முறை தெரிந்தே பாதிகளை மாற்றி வைத்துத் திருகினாள். பளபளவென்று தேய்த்து, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். மகனிடமும் அதையேதான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் இருவரும் துப்பாக்கியை நீட்டினார்கள். ஒருவன் விரல் வளைய மற்றவன் விரல் விடவில்லை. பிற்பகல் மூன்று வரை அப்படியே நின்றார்கள். ஜனங்கள் நடுவே புகுந்துபோய் ஓட்டுப் போட்டார்கள். கருவாடும் ஓலைச்சோறும் விற்றவள் நிழலுக்காக இசித்ரோவின் பக்கம் கூடையை நகர்த்திக்கொண்டாள். ஜெயித்தது, யாருமே கவனிக்காத ஒரு பல் வைத்தியர். தோற்ற முதலாளிகளிடம் நெருப்பு வைக்கும் அளவுக்குத் தெம்பு மிச்சமில்லை.

பதினோரு வருடம் கழித்து ஒரு புயலில் கலிக்ஸ்தோவின் படகு திரும்பவில்லை. அன்று மலையில், உலர்ந்த வீட்டுக்குள், இசித்ரோவின் வலக்கையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது. கை ஏதோ ஒன்றைப் பிடிக்கத் தேடியது. நெமேசியா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். விடியும்முன் அது சில்லிட்டு, மணிக்கட்டு வரை கறுத்து, தேன்நிற வரியோடு காமகோங்காகிவிட்டது. உயிர் மட்டும் இசித்ரோவிடம் நின்றது.

"நான்தான்டா மாத்தி வச்சேன்" என்றாள் அவள், பதினோரு வருடம் தாமதமாக.

"தெரியும்மா. நீ சரியாயிடுச்சுன்னு சொன்ன ராத்திரியும் பாப்பா புடிய விடவே இல்லியே."

அதன்பிறகு கலிக்ஸ்தோவின் மகள் ஞாயிறுதோறும் மலையேறி வந்தாள். மரக்கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள், அவள் வைத்திருக்கும் நேரம்வரை அது சூடாக இருக்கும். மற்ற நாளில் நெமேசியா அதற்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டில், கண்ணுகளா, நீட்டுகிற கைகளெல்லாம் சூடாக இருக்கட்டும். பிடிக்கிற விரல்கள் குறையாமல் இருக்கட்டும்.