உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, விளையாட்டு நிறுவனம் ஒன்றின் மூன்றாம் மாடிச் சோதனை அறையில், 412ஆம் எண் புகார் மூன்றாவது முறையாக மூடப்பட்டது. காரணம் எழுதும் கட்டத்தில் ‘பிழை இல்லை’ என்று இருந்தது.

புகாரை எழுதியவள் அங்கே எட்டு மாதமாக ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். அதற்கு முன் மருந்துப் பெட்டிகளில் அச்சுப்பிழை பார்த்தவள். கம்ப்யூட்டரில் ஆடும் படகு விளையாட்டு ஒன்றை வெளியீட்டுக்கு முன் ஆடிப் பார்த்துக் குறை சொல்வது இப்போதைய வேலை. மூன்றாம் கட்டத்தில் ஆற்றின் நடுவே கயிறு வீச வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று திரையின் கீழே ஒரு படம் ஒரே ஒரு விநாடி தோன்றும். தவறினால் படகு மூழ்கும். கையில் பிடித்து ஆடும் அவள் கன்ட்ரோலரின் பொத்தான்களில் முக்கோணமும் வட்டமும் இருந்தன. திரையிலோ ஆங்கில எழுத்துகள் வந்தன. அதைத்தான் மூன்று முறையும் எழுதியிருந்தாள். அதே கன்ட்ரோலரை வாங்கி ஆடிய மற்ற ஐந்து சோதனையாளர்களும் இதைக் கவனிக்கவில்லை. சிறு வயதிலிருந்து ஆடியவர்கள் அவர்கள். விரல்களுக்கு வழி தெரிந்ததால் கண் கீழே போவதில்லை.

வெள்ளிக்கிழமை அவளை நிரந்தரமாக்குவது பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்ட புகார்களையும் எண்ணிப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

புரோகிராமரை எல்லோரும் ‘வாத்தியார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அன்றும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“கேம் நம்ம கையைப் பாக்காதுங்க. வயரைச் சொருகினதும், நான் இன்ன வகைன்னு கன்ட்ரோலரே சொல்லும். அதுக்கு ஏத்த படம் தானா வரும். கன்ட்ரோலர் பொய் சொல்லாது.”

“அப்ப நான் சொல்றேனா?”

“நீங்களும் சொல்லல. அதான் மூணு நாளா எனக்குத் தூக்கம் வரல. அது உள்ள இருக்கற நம்பரைக் கொண்டு வாங்க, பாத்துடலாம்.”

அந்தக் கன்ட்ரோலர் அலுவலகத்துடையது அல்ல. அலுவலகத்தில் வடிவப் பொத்தான் உள்ளதைப் பக்கத்து அணி இரண்டு வாரத்துக்கு வாங்கிப் போயிருந்ததால், வீட்டிலிருந்து தன்னுடையதைக் கொண்டுவந்திருந்தாள். வேலையில் சேர்ந்தபோது அண்ணன் கொடுத்தது. அண்ணனுக்குக் கன்ட்ரோலர், ரிமோட், கீபோர்டு ரிப்பேர் செய்யும் கடை இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அகலம்.

மாலையில் அதைத் திறந்து பார்க்க அவள் கடைக்குப் போனபோது அண்ணன் ஒரு கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி பிஸ்கட் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“இதைத் தொறந்து வேற பாக்கணுமா? நான்தானே இதுக்கு மூஞ்சிய மாத்தினேன்.”

“என்னது?”

“எழுத்துப் பொத்தான் தேஞ்சு போச்சு. புதுசு ஸ்டாக் இல்ல. முக்கோணம், வட்டம் எல்லாம் டப்பா நெறைய கெடந்துச்சு. எடுத்து மாட்டிட்டேன். உள்ள போர்டு பழசுதான். அழுத்தினா வேலை செய்யுதுல்ல?”

“ஏண்ணே, குடுக்கும்போது இதைச் சொல்ல மாட்டியா? என் வேலையே போயிடும்போல இருக்கு.”

“சட்டை தெச்சுக் குடுக்கறவன், பட்டன் எந்தச் சட்டையில இருந்து எடுத்ததுன்னு சொல்லிக்கிட்டா இருப்பான்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புகாரில் ‘சாதன வகை’ என்ற கட்டம் ஒன்று உண்டு. கன்ட்ரோலரின் அடியில் அலுவலகம் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அதை நிரப்ப வேண்டும். இதன் அடியில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அவள் பொத்தான்களின் முகத்தைப் பார்த்து எழுதினாள். மூன்று முறையும்.

“இந்த மாதிரி எத்தனை பேருக்கு மாட்டிக் குடுத்திருக்க?”

அண்ணன் மேல் தட்டிலிருந்து டப்பாவை இறக்கி எண்ணினான். “எரநூறு செட்டு வாங்கினேன். பதினொண்ணு மிச்சம் இருக்கு.”

“யாரும் திரும்பி வரலியா?”

“எதுக்கு வரணும்?” என்றவன், கொஞ்சம் யோசித்தான். “ஒருத்தர் வந்தாரு. ஆட்டத்துக்குப் புதுசு. கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவை கொண்டுவந்தாரு. போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வரல.”

வீடு திரும்பும் வழியில் அவள் இரண்டு வழிகளையும் யோசித்தாள். ஒன்று, கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். புகார் மூடியபடியே கிடக்கும், வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். இன்னொன்று, தவறை ஒப்புக்கொண்டு உண்மையை எழுதுவது; அது வெள்ளிக்கிழமை அவளுக்கு எதிராக நிற்கும். ஆனால், கெட்டுப்போச்சு என்று இரண்டு முறை வந்தவரைச் சொன்ன இடத்தில் அண்ணனின் குரல் இறங்கியது அவள் காதிலேயே இருந்தது.

புதன்கிழமை காலை 412ஐத் திறந்து எழுதினாள்: ‘விளையாட்டில் பிழை இல்லை. சாதன வகையைப் பொத்தானைப் பார்த்து எழுதியது என் தவறு. உள்ளே இருப்பது வேறு வகை; ரிப்பேரில் என் அண்ணன் வெளிப் பொத்தான்களை மாற்றியிருக்கிறார்.’ அடுத்து, 431 என்று புதிய கோரிக்கை ஒன்று போட்டாள்: ‘படங்கள் தானாக வந்தால் போதாது. ஆடுபவரே தேர்ந்தெடுக்க அமைப்புகள் பக்கத்தில் ஒரு வரி வேண்டும்.’

அரை மணியில் வாத்தியார் வந்துவிட்டார்.

“உங்க அண்ணன் செஞ்ச வேலையை என் தலையில ஏங்க கட்றீங்க?”

“எங்க அண்ணன் ஒருத்தரே நூத்தி எண்பத்தொம்போது பேருக்கு மாட்டியிருக்காரு சார். ரிப்பேர் கடை தெருவுக்குத் தெரு இருக்கு.”

அவர் கன்ட்ரோலரை வாங்கிச் சொருகினார். மூன்றாம் கட்டத்தை ஆடினார். கயிறு போய் மறுகரைத் தூணில் விழுந்தது. ஒரு முறைகூடக் குனிந்து பொத்தானைப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் ஆகலையே.”

“உங்களுக்கு ஆகாது சார். வீட்ல யாராவது புதுசா ஆடறவங்க இருந்தா குடுத்துப் பாருங்க.”

அவர் வயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் தன் இடத்துக்குப் போகாமல் நேராக அவள் மேசைக்கு வந்தார். கன்ட்ரோலரை வைத்தார். வழக்கம்போல் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

“வீட்டம்மாகிட்ட குடுத்தேன். அஞ்சு வருஷமா இந்தப் படகைப் பத்தி என் வாயாலதான் கேட்டிருக்கா. நேத்துதான் முதல் தடவை தொட்டா. ஸ்கிரீனைப் பாக்கறா, கையைப் பாக்கறா, மறுபடி ஸ்கிரீனைப் பாக்கறா. அதுக்குள்ள முங்கிடுது. நாலு தடவை.”

“என்ன சொன்னாங்க?”

“கேம் சரியில்லன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ‘எனக்கு இதெல்லாம் வராதுங்க’ன்னு கைல குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.”

அவர் அவள் திரையில் 431ஐத் திறந்தார். பிறகு, அந்த வரியை ஒலி அளவுக்குக் கீழே போடுவதா, வசன எழுத்துக்குக் கீழே போடுவதா என்று கேட்டார். ஒலிக்குக் கீழே என்றாள். முதல் பக்கத்தில், தேடாமல் கிடைக்கிற இடத்தில்.

வெள்ளிக்கிழமை மதியம் 431 ஏற்கப்பட்டது. அமைப்புகள் பக்கத்தில் ‘பொத்தான் படங்கள்: தானாக / எழுத்து / வடிவம்’ என்ற வரி சேர்ந்தது. 412 நான்காவது முறையாக மூடப்பட்டது. இந்த முறை மூடியவள் அவள். நான்கு மணிக்குத் தலைமைச் சோதனையாளர் கூப்பிட்டு, ஒரே புகாரில் மூன்று முறை சாதன வகை தவறாக இருந்ததால் இந்தத் தடவை நிரந்தரம் இல்லை என்றும், ஒப்பந்தம் ஆறு மாதம் நீள்கிறது என்றும் சொன்னார். 431 நல்ல வேலை என்றும் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

கிளம்புமுன் அலுவலகத்தின் சாதன அலமாரியைத் திறந்தாள். தன் கன்ட்ரோலரின் அடியில் ஒரு வெள்ளைச் சீட்டை ஒட்டி எழுதினாள்: ‘எண் 27. உள்ளே எழுத்து. வெளியே வடிவம்.’ வயரைச் சுற்றி, 26க்குப் பக்கத்தில் வைத்து, அலமாரியைப் பூட்டினாள்.