மூன்றாவது ஒத்திகை

பிரசவத்துக்குக் குறித்த தேதி தாண்டி ஒன்பது நாளும் பத்து மணி நேரமும் ஆகியிருந்தன. தேதிக்கு யாரும் மணி குறித்துத் தரவில்லை. வேதியியல் படித்த தோஷம், நள்ளிரவிலிருந்து அவளாகவே எண்ணிக்கொண்டாள்.

ஏற்கெனவே இரண்டு முறை பொய்வலியோடு வந்து திரும்பியிருந்தாள். முதல் முறை கணவன் கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தான். வாயு என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை அக்கா லீவு போட்டாள். மருத்துவமனை வாசலை மிதித்ததுமே வலி நல்ல பிள்ளையாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து பிரசவ வார்டில் அவள் பெயர் 'ஒத்திகை'.

இன்று வலி வரவைக்க மாத்திரை வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், விடியற்காலையிலேயே இடுப்பில் ஒன்று கிளம்பி முன்வயிற்றை இறுக்கிவிட்டுப் போனது. பிறகு விடாமல் வந்துகொண்டே இருந்தது. மூன்று அளவு ஒத்துப்போனால் முடிவை நம்பலாம் என்று ஆய்வகத்தில் படித்தவள், பதினேழு வலி ஒரே இடைவெளியில் வந்த பிறகும் பதினெட்டையும் பார்த்துவிடலாம் என்றிருந்தாள்.

"என்ன ஒத்திகை, இன்னைக்காவது நாடகம் உண்டா?" என்றாள் மூத்த நர்ஸ்.

"இவ வயித்துல இருக்கிறதும் இவள மாதிரிதான் சிஸ்டர். நாலு தடவ கூப்பிட்டாதான் வெளிய வரும்," என்றாள் அக்கா.

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்லக்கா. ஏசி குளிருது."

அந்த அறையில் ஏசி இல்லை.

நர்ஸ் கையுறை மாட்டி மாத்திரை உறையைப் பிரித்தாள். "வலி இருந்தா இப்பவே சொல்லிடும்மா. வலியோட இத வெச்சா குழந்தைக்கு மூச்சு முட்டும்."

இதுவும் வாயுவாக இருந்துவிட்டால்? அக்கா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். ஒரு தட்டில் தன் மானம், மறுதட்டில் குழந்தையின் மூச்சு. தராசு பிடித்துப் பழகிய கைதான். இதை நிறுக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வகுப்பில் சந்தேகம் கேட்பவளைப் போலக் கையைத் தூக்கினாள்.

"என்னம்மா, பாத்ரூமா?"

"இல்ல சிஸ்டர். விடியக்கால நாலு மணியிலேருந்து வலிக்குது."